வலிப்பும் பத்தியமும்: குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய ஒரு விசாரணை

அனல்மின் நிலையமும் மின்சார ரயில் பாதையும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் சூழ்ந்த அத்திப்பட்டைப் போன்ற ஓர் ஊரில் ஒரு குழந்தைக்கு வலிப்பு கண்டால், கூடியிருப்போரில் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து அதன் கையில் திணிப்பதும், மற்றொருவர் காற்றுக் கருப்பு என்று திருநீறு கொண்டுவர ஓடுவதும், இன்னொருவர் ஆட்டோவை அழைப்பதும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. இப்போது இவற்றோடு புதிதாக ஒரு யோசனையும் சேர்ந்திருக்கிறது. வயிற்றில் வாழும் கிருமிகளே மூளையை ஆட்டுவிக்கின்றன என்றும், ஆகாரத்தை மாற்றினால் மாத்திரைக்கு வேலையில்லை என்றும், தயிரும் பழைய சோறும் போதும் என்றும், அன்று, சோற்றை அடியோடு நிறுத்த வேண்டும் என்றும் ஒன்றுக்கொன்று முரணான உபதேசங்கள் பெற்றோரின் காதில் விழுகின்றன. இவற்றுள் சாஸ்திரத்தால் நிலைநாட்டப்பட்டது எது, பாதி நிலைநாட்டப்பட்டது எது, வெறும் ஆசை எது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். கடுங்காய்ச்சலில் சிறு குழந்தைக்கு வரும் காய்ச்சல் வலிப்பு வேறு. காய்ச்சல் முதலிய உடனடிக் காரணம் ஏதுமின்றித் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு நோய் வேறு. இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஐந்து பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். பிரசவத்தின்போது மூளைக்குப் பிராணவாயு குறைதல், மூளைக் காய்ச்சல், பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறை, மூளையில் தங்கும் நாடாப்புழுவின் இளம்புழு எனக் காரணங்கள் பல. இந்து திருமணச் சட்டம் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வரையில் இந்நோயைத் திருமணத்துக்குரிய தகுதிக் குறைகளில் ஒன்றாக வைத்திருந்ததை நினைத்தால், பெண் குழந்தையின் வலிப்பைப் பெற்றோர் ஏன் மறைத்தார்கள் என்பது விளங்கும். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு மாத்திரைகளே வலிப்பை அடக்கிவிடுகின்றன. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினருக்கு இரண்டு மூன்று மருந்துகளை முறையாகக் கொடுத்துப் பார்த்தும் அடங்குவதில்லை. ஆகாரச் சிகிச்சையைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த எஞ்சிய பங்கினரைப் பற்றியதே என்பதை மறக்கலாகாது.

கேள்வியின் பூர்வ வரலாறு

குழந்தையின் வலிப்பு தமிழ் மரபுக்குப் புதிதன்று. கொல்லி மழவனின் மகளை வருத்திய முயலகன் என்னும் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இன்று திருவாசி எனப்படும் அவ்வூர்க் கோயிலில் நடராஜர் திருவடியின்கீழ் முயலகன் என்னும் அசுரனுக்குப் பதிலாகப் பாம்பு இருப்பதற்கு இந்த வரலாற்றையே காரணமாகக் காட்டுவர். வலிப்புற்ற சிறுவனைப் பற்றிய சுவிசேஷக் கதையிலும் ஜெபத்தோடு உபவாசம் பேசப்படுகிறது. வலிப்புக்கும் பட்டினிக்கும் ஏதோ சம்பந்தம் உண்டென்ற எண்ணம் இவ்வாறு நெடுங்காலமாக உலவிவந்தாலும், அதை வைத்தியர்கள் கணக்கெடுத்துப் பார்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1911-இல் பிரான்ஸ் தேசத்தில் குவெல்பா, மாரி என்னும் இருவர், உபவாசத்தால் வலிப்பு குறைவதை எழுதினர். பின்னர் அமெரிக்காவில் ஹியூ காங்க்ளின் என்பவர் நோயாளிகளை வாரக்கணக்கில் தண்ணீர் மட்டும் பருகச் செய்து பட்டினி வைத்தார்.

காங்க்ளின் அதற்குச் சொன்ன காரணம் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. குடலின் சுவரில் உண்டாகும் ஒருவித நஞ்சு இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குவதே வலிப்பு என்றும், குடலுக்கு ஓய்வு கொடுத்தால் நஞ்சு நீங்கும் என்றும் அவர் நம்பினார். நஞ்சைப் பற்றிய அவருடைய கொள்கை நிற்கவில்லை. பட்டினியின் பலன் மட்டும் நின்றது. 1921-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கெய்லின் அப்பலனை உறுதிப்படுத்தினார். குழந்தையை நிரந்தரமாகப் பட்டினி போட இயலாதாகையால், பட்டினியின் விளைவை ஆகாரத்தாலேயே உண்டாக்க முடியாதா என்று அதே ஆண்டில் மேயோ மருத்துவ நிலையத்தின் ரஸ்ஸல் வைல்டர் சிந்தித்து, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து அருகிய ஒரு பத்தியத்தை வகுத்தார். மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருள்களை ஆக்கி மூளைக்கு எரிபொருளாக அனுப்புகிறது. ஆகவே அதற்குக் கீட்டோன் பத்தியம் என்று பெயர் வந்தது. அதே நிலையத்தின் பீட்டர்மன் அளவுகளை வகுத்தார்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் புரதம், நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் மாவுச்சத்து, மற்றதெல்லாம் கொழுப்பு.

1938-இல் மெரிட், புட்னம் ஆகியோர் ஃபெனிட்டாய்ன் என்னும் மருந்தின் பயனை வெளியிட்ட பிறகு, ஒரு மாத்திரையை விழுங்குவதை விட்டு ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுக்க எவர் முன்வருவார்? பத்தியம் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1993-இல் மருந்துக்கு அடங்காத வலிப்புடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த சார்லி ஆப்ரகாம்ஸ் என்னும் குழந்தை இப்பத்தியத்தால் குணமடைய, அக்குழந்தையின் தந்தை அதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவ, மறக்கப்பட்ட முறை மீண்டும் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது.

பத்தியத்துக்குள்ள சான்று

ஒரு சிகிச்சை பலித்தது என்று பத்துப் பேர் சொல்வதற்கும், சிகிச்சை பெற்றோரையும் பெறாதோரையும் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. அவ்வகை ஒப்பீடு 2008-இல் லண்டனிலிருந்து வெளிவந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 குழந்தைகளைக் கொண்டு நடத்திய அந்தச் சோதனையில், மூன்று மாத முடிவில் பத்தியம் இருந்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. பத்தியம் இல்லாதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே அவ்வாறு குறைந்தது. பத்தியம் பயனுள்ளதா என்ற கேள்வி அத்துடன் தீர்ந்தது எனலாம்.

இந்தியக் குழந்தைகளுக்கு அது ஏற்குமா என்ற கேள்விக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் ஷெஃபாலி குலாட்டி முதலானோர் விடை கண்டனர். கடுமையான பழைய முறைக்குப் பதிலாக, மாவுச்சத்தை நாளொன்றுக்குப் பத்து கிராமுக்குள் நிறுத்தி, மற்றவற்றை ஓரளவு தளர்த்தி விடும் 'திருத்திய அட்கின்ஸ்' முறையை 102 குழந்தைகளிடம் சோதித்து 2013-இல் வெளியிட்டனர். பத்தியம் இருந்தவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, இல்லாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 11 பேருக்கே குறைந்தது. 2020-இல் வெளியான அவர்களுடைய மற்றொரு சோதனை, பழைய கீட்டோன் பத்தியம், திருத்திய அட்கின்ஸ், இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவுகளை மட்டும் அனுமதிக்கும் மூன்றாம் முறை ஆகியவற்றை 170 குழந்தைகளிடம் ஒப்பிட்டது. ஆறு மாத அளவில் முதலாவதில் வலிப்பின் நடு அளவு நூற்றுக்கு 66, இரண்டாவதில் 45, மூன்றாவதில் 54 என்ற வீதத்தில் குறைந்தது. மூன்றாம் முறையில் உபாதைகள் குறைவாயிருந்தன. கடுமையான முறைக்குத் தளர்ந்த முறைகள் சமமென்று அச்சோதனை நிரூபிக்கவில்லை. ஆயினும் தளர்ந்த முறைகளாலும் கணிசமான பலன் உண்டென்பதைக் காட்டிற்று.

நுண்ணுயிர்களின் சாட்சியம்

பத்தியம் பலிக்கிறது என்பது வேறு, எப்படிப் பலிக்கிறது என்பது வேறு. கீட்டோன் பொருள்களே மூளையை அமைதிப்படுத்துகின்றன என்ற கருத்து நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1971-இல் ஹட்டன்லாக்கர் தேங்காய் எண்ணெயிலும் ஓரளவு காணப்படும் நடுத்தர நீளக் கொழுப்புகளைக் கொண்டு பத்தியத்தை எளிதாக்க முயன்றார். அவற்றுள் ஒன்றான டெக்கனாயிக் அமிலம் நரம்பணுக்களின் கிளர்ச்சியை நேராகவே தணிப்பதைப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. இந்த விளக்கங்களோடு 2018-இல் முற்றிலும் வேறான ஒன்று சேர்ந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எலைன் ஷியாவோவின் குழுவினர், எலிகளுக்குக் கீட்டோன் ஆகாரம் கொடுத்து மின்தூண்டலால் வலிப்பை உண்டாக்கிப் பார்த்தபோது, ஆகாரம் அவற்றைக் காத்தது. பிறந்தது முதல் கிருமியே அறியாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கும், ஆன்டிபயாட்டிக் மருந்தால் குடல் துடைக்கப்பட்ட எலிகளுக்கும் அதே ஆகாரம் காப்பளிக்கவில்லை. அந்த ஆகாரத்தால் குடலில் பெருகிய அக்கர்மேன்சியா, பாராபாக்டிராய்ட்ஸ் என்னும் இரு நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொடுத்தபோது காப்பு மீண்டது. ஒன்றை மட்டும் கொடுத்தால் மீளவில்லை. இவ்விரண்டும் கூடி வாழ்கையில் குடலிலும் இரத்தத்திலும் காமா-குளூட்டமைல் வகையைச் சேர்ந்த சில அமினோ அமிலங்கள் குறைகின்றன என்றும், மூளையில் கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டுக்கு எதிரே அமைதியூட்டும் காபாவின் விகிதம் உயர்கிறது என்றும் அக்குழுவினர் கண்டனர். காங்க்ளினின் குடல் நஞ்சு பொய்த்துப் போன பிறகு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, குடல் மீண்டும் விசாரணைக்கு அழைக்கப்பட்டது. இம்முறை குற்றவாளியாக மட்டுமன்றி, காப்பாளனாகவும்.

எலியில் கண்டதை மனிதனில் ஏற்பதற்கு முன் நிதானம் வேண்டும் என்பதற்கு அடுத்தடுத்த ஆராய்ச்சிகளே சான்று. அதே பல்கலைக்கழகத்தார் 2023-இல், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பத்துக் குழந்தைகளின் மலத்தைப் பத்தியத்துக்கு முன்பும் ஒரு மாதப் பத்தியத்துக்குப் பின்பும் எடுத்து எலிகளின் குடலில் சேர்த்தபோது, பின்னதைப் பெற்ற எலிகள் வலிப்பை அதிகமாகத் தாங்கின. இது மனிதக் குழந்தையின் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு என்ற எண்ணத்துக்கு வலிமை தருகிறது. ஆனால் 2019-இல் சுவீடனில் பன்னிரண்டு குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், மூன்று மாதப் பத்தியத்துக்குப் பின், நல்லவை என்று விளம்பரங்களில் புகழப்படும் பிஃபிடோபாக்டீரியங்கள் குறைந்து, ஈ.கோலை பெருகியதைக் கண்டனர். குழந்தைக்கு அனுகூலமான மாறுதல் நேரும்போதே 'நல்ல கிருமி' குறையக்கூடுமென்றால், நல்ல கிருமி, கெட்ட கிருமி என்னும் சுலபமான பாகுபாடு இங்கே செல்லாது என்பது விளங்கும்.

கிருமிகளை நேராகக் கொடுத்துப் பார்த்த முயற்சிகள் இன்னும் இளமையானவை. ஸ்பெயினில் மருந்துக்கு அடங்காத நோயாளிகள் 45 பேருக்கு நான்கு மாதம் புரோபயாட்டிக் கலவை கொடுத்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேருக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் வயது வந்தோர், ஒப்பிடுவதற்குப் போலி மருந்து பெற்ற கூட்டமும் இல்லை. சீனாவில் குடல் நோய்க்காகப் பிறருடைய மலத்தின் நுண்ணுயிர்களைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு நெடுநாள் வலிப்பும் நின்றது. ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு விதி செய்ய இயலாது. ஆன்டிபயாட்டிக் உட்கொண்டிருந்த நாட்களில் மட்டும் வலிப்பு நின்று, மருந்து முடிந்ததும் திரும்பிய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் உண்டு. அதே வேளையில் பெனிசிலின் முதலிய சில ஆன்டிபயாட்டிக்குகள் மிகுந்த அளவில் தாமே வலிப்பைத் தூண்டவல்லவை. ஆதலால், நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு என்பது எலியளவில் தெளிவு, குழந்தையளவில் நியாயமான அனுமானம், சிகிச்சையளவில் இன்னும் எதிர்பார்ப்பே என்று கொள்வது பொருந்தும்.

தமிழ்நாட்டில் முன்பே தெளிந்த ஒன்று

குடலுக்கும் வலிப்புக்குமுள்ள உறவுகளில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதைச் செய்வது பாக்டீரியாவன்று, நாடாப்புழு. சரியாக வேகாத பன்றியிறைச்சியை உண்டவனின் குடலில் அப்புழு வளர்கிறது. அவன் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கை வழியாகவும் நீர் வழியாகவும் கழுவாத கீரை வழியாகவும் வேறொருவர் வயிற்றை அடைந்து பொரிய, அவற்றின் இளம்புழுக்கள் அங்கிருந்து மூளைக்குச் சென்று தங்குகின்றன. ஆதலால் மாமிசமே தொடாத வீட்டுக் குழந்தையும் இந்த வலிப்புக்கு ஆளாகலாம். ஸ்கேன் படத்தில் தோன்றும் இத்தகைய சிறு புள்ளிகளைக் காசநோய்க் கட்டிகள் என்று கருதி நீண்ட நாள் மருந்து கொடுத்துவந்த காலத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவற்றில் பல புழுக் கட்டிகளே என்று காட்டினர். பின்னர் வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட மக்களிடையே ராஜசேகர் குழுவினர் நடத்திய கணக்கெடுப்பில், வலிப்புள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணமாயிருக்கக் கண்டனர். கழிப்பறையும் சோப்பும் நல்ல குடிநீரும் வலிப்புக்கான தடுப்பு மருந்துகள் என்று சொல்வது இந்த அளவில் அலங்காரப் பேச்சன்று.

நுண்ணுயிர்களைப் பொறுத்தவரையிலும் நம் குடலைப் பிறர் குடலைப் போன்றதென்று கொள்ள முடியாது. 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, போபால் பகுதியாரையும் கேரளத்தாரையுமாக 110 பேரைச் சோதித்து, தானியமும் தாவர உணவும் மிகுந்த போபால் மக்களிடம் பிரிவட்டெல்லா என்னும் இனம் ஓங்கியிருப்பதையும், மீனும் இறைச்சியும் கலந்து உண்ணும் கேரளத்தாரிடம் பாக்டிராய்ட்ஸ் முதலியவை மிகுந்திருப்பதையும் கண்டது. ஒரே தேசத்துக்குள் ஆகாரம் இவ்வளவு வேற்றுமை செய்யுமானால், லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தையின் குடலில் பத்தியம் செய்யும் மாறுதலையே சோறும் மீனும் உண்ணும் அத்திப்பட்டுக் குழந்தையின் குடலிலும் செய்யும் என்று யார் உறுதி கூற முடியும்?

அனல்மின் நிலையத்தின் சாம்பலுக்கும் குழந்தைகளின் வலிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று இப்பகுதியார் கேட்பது இயல்பு. நிலக்கரிச் சாம்பலில் கலந்திருக்கக்கூடிய ஈயம் உடலில் மிகுதியாகச் சேர்ந்தால் மூளை வீங்கி வலிப்பு வரும் என்பது வைத்திய நூல்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் வலிப்பை அதன்மேல் சுமத்துவதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும், கழிமுகத்தின் நிறம் போதாது.

சோறும் பத்தியமும்

இனிப் பத்தியம் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரையில் என்ன ஆகிறதென்று காண்போம். நாளொன்றுக்குப் பத்து கிராம் மாவுச்சத்து என்பது ஏறக்குறைய ஓர் இட்லியோடு முடிந்துவிடும் அளவு. ஒரு கிண்ணம் சோற்றில் அதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது. ரேஷன் அரிசியால் வயிறு நிறையும் வீட்டில் அரிசியை விலக்கிய பிள்ளைக்கு நெய்யும் முட்டையும் தேங்காய் எண்ணெயும் வேர்க்கடலையும் தனியே வாங்க வேண்டும். பள்ளியில் காலையில் கொடுக்கும் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அக்குழந்தைக்கு ஆகா; மதியச் சத்துணவில் முட்டை மட்டுமே ஏற்கும். கோயில் பிரசாதம், பிறந்தநாள் மிட்டாய், பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு ஊட்டும் ஒரு கை பாயசம் ஆகிய ஒவ்வொன்றும் பல நாள் முயற்சியைக் குலைக்கலாம். சர்க்கரை கலந்த சிரப்புகூட ஆகாதாகையால் மருந்தையும் மாத்திரையாக மாற்ற நேர்கிறது.

இதில் கடலோரக் குடும்பங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கிழங்கான், மடவை, இறால் ஆகியவற்றில் மாவுச்சத்து பெரும்பாலும் இல்லையாதலால், திருத்திய அட்கின்ஸ் முறையைச் சைவக் குடும்பத்தைவிட மீனவர் குடும்பம் எளிதாகக் கைக்கொள்ளலாம். ஆனால் கழிமுகத்தில் மீன் அருகிப்போய், வலை வீசியவரே காசிமேட்டு மீனை விலைக்கு வாங்கும் நாளில், இயற்கை தந்த அந்த அனுகூலமும் பணத்தின் விஷயமாகிவிடுகிறது.

மேலும் இது தானாக ஆரம்பிக்கத்தக்க பத்தியமன்று. மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், வளர்ச்சி தளர்தல் ஆகிய உபாதைகள் நேரக்கூடும். கொழுப்பை எரிக்கும் சக்தி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. குளுக்கோஸை மூளைக்குக் கொண்டுசெல்லும் வாயில் பழுதான சில அரிய நோயாளிகளுக்கோ, இதுவே முதல் சிகிச்சை. இந்த வேற்றுமையை நரம்பியல் வைத்தியரும் உணவியல் நிபுணரும் பரிசோதனைகளால் அறிவரேயன்றி, அண்டை வீட்டார் அறியார். தயிரும் பழைய சோறும் இக்கணக்கில் எங்கே நிற்கின்றன என்று கேட்டால், அவை சாதாரணக் குழந்தைக்கு நல்ல ஆகாரங்களே. ஆயினும் புளித்தாலும் சோறு மாவுச்சத்தே, தயிரிலும் பாலின் சர்க்கரை எஞ்சியிருக்கிறது. ஆகவே பத்தியக் குழந்தைக்கு முன்னது விலக்கு, பின்னது அளவோடு கணக்கிடத்தக்கது. இவ்விரண்டும் வலிப்பை அடக்குமென்பதற்குச் சான்று இல்லை.

முடிவு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சியின் உண்மையான மதிப்பு, சாப்பாட்டைத் தராசில் நிறுக்க வசதியுள்ளோரைவிட வசதியற்றோருக்கே அதிகம் என்பது என் அபிப்பிராயம். பத்தியத்தின் பலனில் ஒரு பங்கையேனும் நுண்ணுயிர்களோ, அவை ஆக்கும் பொருள்களோ தரக்கூடுமென்று ஒரு நாள் நிரூபணமானால், அரிசியை விட இயலாத வீட்டுக் குழந்தையும் அப்பலனைச் சோற்றுத் தட்டின் முன் இருந்தபடியே பெறலாம்.

அந்த நாள் வரும்வரை செய்யத்தக்கவை வரிசையாக இருக்கின்றன. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைவது முதலாவது. சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையிலோ எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலோ எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் கொடுத்து, வைத்தியர் சொல்லாமல் நிறுத்தாதிருப்பது இரண்டாவது; பல வீடுகளில் வலிப்பு திரும்புவது, மாத்திரை பலிக்காததால் அன்று, வலிப்பு நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவதால். மருந்துகள் முறையாகத் தோற்றபின், வைத்தியரின் கண்காணிப்பில் பத்தியம் மூன்றாவது. நான்காவது அரசாங்கத்துக்கும் ஆராய்ச்சிச் சாலைகளுக்கும் உரியது. வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் தென்னிந்தியக் குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களை ஏற்கெனவே ஆராய்ந்து வழி காட்டியிருக்கிறார்கள். டெல்லியில் இந்தியச் சமையலுக்கேற்பப் பத்தியத்தை வகுத்துச் சோதித்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, சோறுண்ணும் தமிழ்க் குழந்தைகளின் குடலில் பத்தியம் என்ன செய்கிறதென்று நம் மருத்துவமனைகளிலேயே கண்டறிய வேண்டும். ஏனெனில், பிற நாட்டார் தம் குழந்தைகளின் ஆகாரத்தையும் குடலையும் கொண்டு காணும் விடை, எவ்வளவு சரியானதாயினும், நம் கேள்விக்கு உரிய விடையாகிவிடாது.